மெல்லிய காற்றில் ஓடும் இயந்திரங்கள்: ஆண்டீஸ் கம்பளியும் கினோவாவும்

ஆண்டீஸ் மலைக் குடும்பங்களுக்கு ஓர் இயந்திரம் செய்து கொடுக்கலாம் என்று பொறியாளர்கள் யோசிக்க ஆரம்பித்தால், முதலில் வந்து நிற்பது நூற்பு இயந்திரம்தான். காரணம் புரியாததல்ல. பெருவின் பூனோ, குஸ்கோ பக்கத்துப் பெண்கள் கையில் தக்ளி ஓயாமல் சுழல்கிறது. கையால் சுற்றுவதை மோட்டாரால் சுற்றினால் நூல் பல மடங்கு பெருகும். கணக்கு சரி, எடுத்துக்கொண்ட கேள்விதான் தவறு. கெச்சுவா பேசுகிறவர்கள் புஷ்கா என்று சொல்லும் அந்தத் தக்ளி, அல்பாக்கா (கம்பளி தரும் ஒட்டகக் குடும்ப விலங்கு) மந்தையின் பின்னால் நடந்தபடியே சுழற்றப்படுவது. மேய்க்கும் நேரமும் நூற்கும் நேரமும் அங்கே ஒன்றுதான். நூற்பவரை வீட்டுக்குள் மோட்டார் முன்னால் உட்கார வைத்தால் நேரம் மிச்சமாகாது. மேய்க்க இன்னோர் ஆள் தேட வேண்டியிருக்கும்.

பணம் ஒழுகுவது வேறு இடங்களில். ரோமத்தைத் தரம் பிரிக்காமல் விற்பதில், கத்தரிக்கும்போது இழையைக் குட்டையாக்குவதில், தூசியிலும் முரட்டு முடியிலும். எந்தப் படியில் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் இறக்கிய இயந்திரம் ஒரே பருவத்தில் கோழி உட்காரும் இடமாகிவிடும். அதோடு அங்கே இன்னொரு சிக்கல் எப்போதும் உண்டு: காற்று. அல்பாக்கா வளர்க்கும் புனா மேட்டுநிலம் 3,800 முதல் 4,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல், அதாவது கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பு முதல் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு எண் வந்து கணக்கை மாற்றும்.

தரம் பிரிப்பது

உலகில் உள்ள அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில்தான். அவற்றில் பெரும்பாலானவை பொசுபொசுவென்று இருக்கும் வக்காயா இனம். சுருள் சுருளாக ரோமம் தொங்கும் சூரி இனம் கொஞ்சம். ஒரு விலங்கிடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை முதல் இரண்டரை கிலோ ரோமம் கிடைக்கும். அதை அப்படியே சுருட்டி மூட்டையில் திணித்து, ஒரே விலைக்குக் கொடுப்பதை அங்கே 'அல் பர்ரேர்' என்பார்கள். துடைத்து வாரிக் கொடுப்பது மாதிரி.

ஆனால் ஒரே விலங்கின் மேலேயே பல தரம் இருக்கிறது. விலாவும் முதுகும் மென்மை. கழுத்து, வயிறு, கால் முரடு. பெருவின் தரக்கட்டளைப்படி இழையின் விட்டம் 23 மைக்ரானும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழும் 'பேபி'. குட்டியின் ரோமம்தான் என்று இல்லை, வளர்ந்த விலங்கின் விலாவிலும் கிடைக்கும். 23.1 முதல் 26.5 வரை 'ஃப்ளீஸ்', 29 வரை 'மீடியம் ஃப்ளீஸ்', 31.5 வரை 'வாரிசோ', அதற்கு மேல் 'க்ருவேசா'. குட்டை இழைக்குத் தனிக் குவியல். ஒரு முழுத் தோகையில், அதாவது ஒரு விலங்கிலிருந்து வெட்டிய மொத்த ரோமத்தில், மேல்தரங்கள் 70 சதவீதம் இருந்தால் அது 'எக்ஸ்ட்ரா ஃபீனா' வகுப்பில் சேரும்.

துணி அரிக்குமா என்று பார்க்க 30 மைக்ரானில் ஒரு கோடு போடுவார்கள். அது சும்மா போட்டதல்ல. இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மைக்ரான் இழையைவிட 40 மைக்ரான் இழை தடிமனில் இரண்டு மடங்குதான், விறைப்பிலோ பதினாறு மடங்கு. அதன் நுனி வளைந்து கொடுக்காமல் தோலைக் குத்தும். துணியில் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் பலருக்கு அரிப்பெடுக்கும். சராசரி 22 மைக்ரான் என்ற சான்றிதழ் கையில் இருந்தாலும் அரிக்கலாம். ஆகவே சராசரியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பரவலையும் கேளுங்கள்.

தரம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், விரலாலேயே பிரிக்கிறார்கள். இழை விட்டத்தை அளக்கும், தூக்கிச் செல்லக்கூடிய கருவிகள் வந்துவிட்டன. பெருவிலேயே உருவான ஃபைபர் ஈசி அவற்றில் ஒன்று. இந்தக் கருவிகளைப் பிரிப்பு மேசையில் வைப்பது வீண். பழகிய விரல் அதைவிட வேகம். கருவிக்கு வேலை இரண்டே இடத்தில்: எந்தக் கிடாவை இனவிருத்திக்கு வைப்பது என்று முடிவெடுக்கும்போது, வாங்க வந்தவரோடு விலை பேசும்போது. மாதிரியை விலாவின் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். வயதையும் குறிக்க வேண்டும். வயது ஏற ஏற இழை தடிக்கும் என்பதால் ஒரு வயதுக் குட்டியையும் ஆறு வயதுத் தாயையும் ஒரே பட்டியலில் ஒப்பிட்டால் தவறான கிடா தேறும்.

கத்தரிக்கும் இடம்

கத்தியும் கத்தரிக்கோலும் பல வீடுகளில் இன்னும் உண்டு. மின்கத்தரிப்பின் உண்மையான லாபம் வேகமல்ல, சீரான நீளம். ஓர் ஆண்டில் இழை சுமார் 8 முதல் 12 சென்டிமீட்டர் வளர்கிறது. கை நடுங்கி ஒருமுறை மேலாக வெட்டி, மறுபடி அடியில் வெட்டினால் இரண்டாவது வெட்டில் விழுவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்த் துணுக்குகள். பிறகு எந்தச் சீப்பிலும் அவை போகாது. நூலில் முடிச்சாகவும் ஸ்வெட்டரில் உருண்டையாகவும் தலைகாட்டும்.

அல்பாக்கா புழுதியில் புரளும் விலங்கு, செம்மறியைப் போல எண்ணெய்ப் பூச்சும் இல்லை. தோகைக்குள் இருக்கும் மணல் வெட்டுத் தகட்டை அரம் போல் தேய்க்கும். செம்மறியில் பல ஆடுகளுக்குத் தாங்கும் தகடு அல்பாக்காவில் இரண்டு மூன்று விலங்குகளிலேயே மழுங்கிவிடும். எனவே கத்தரிப்பு இயந்திரம் வாங்கும் சங்கம் அதோடு சாணைத் தட்டும், ஒரு நாளைக்குத் தேவையான தகடுகளும் வாங்கியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 40 விலங்கு என்றால் 15 முதல் 20 தகடு. இதை வரவுசெலவில் எழுதாத திட்டம் இரண்டாம் நாள் பழைய கத்திக்குத் திரும்பும். மழுங்கிய தகடு வெட்டாது, இழுக்கும்; இழுத்தால் சூடேறும்; சூட்டில் விலங்கு துள்ளும்; துள்ளும்போதுதான் தோல் கிழிகிறது.

தரையில் தார்ப்பாய் விரித்து, விலங்கை முன்கால் பின்கால் கட்டி நீட்டிப் படுக்க வைக்கிறார்கள். முதலில் முதுகு விலாத் தோகையை ஒரே விரிப்பாக எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். கழுத்து, கால், வயிறு அதற்குப் பிறகு, வேறு மூட்டையில். வெள்ளை விலங்குகளை முதலில் முடித்துவிட்டுத்தான் நிற விலங்குகள். ஒரு கைப்பிடி கறுப்பு முடி ஒரு சிப்பம் வெள்ளையைக் கெடுக்கும். கத்தரிப்பு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இரவில் இன்னும் உறைபனி விழக்கூடிய காலம். அதனால் தோலோடு ஒட்ட மழிக்காமல் கொஞ்சம் ரோமம் விடும் சீப்பைத்தான் கருவியில் பொருத்த வேண்டும்.

மூட்டை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை பாலிப்ரொப்பிலீன் சாக்கு மலிவு, எங்கும் கிடைக்கும், கம்பளிக்கு எமன். அந்த உயரத்தின் புறஊதா வெயிலில் அது நைந்து நார் நாராக உதிரும். உதிர்ந்த நார் ரோமத்தோடு கலந்து நூலாகி, துணியாகி, சாயத் தொட்டியில்தான் கண்ணில் படும், ஏனென்றால் அது மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். பருத்தித் துணிப்பையோ சணலை உட்புறம் தாளால் மூடியதோ போதும்.

ஜெனரேட்டர் கொண்டுபோகிறவர்களுக்கு: பெட்ரோல் இன்ஜின் 4,200 மீட்டரில் தன் சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் இழக்கும். 1,000 வாட் என்று எழுதியிருப்பதை 550 என்று படியுங்கள். கார்புரேட்டர் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றாவிட்டால் எரிபொருள் அதிகமாகி, பிளக் கரி பிடித்து, மதியத்துக்குள் நின்றுவிடும்.

தூசி, தண்ணீர், வெப்பம்

கழுவுவதற்கு முன்னால் உதற வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு வெறும் தூசியாகப் போவது சாதாரணம். அதைத் தண்ணீரில் கரைத்தால் சேறாகி மறுபடி இழையிலேயே படியும். ஒரு மீட்டர் விட்டத்தில் கம்பிவலை உருளை, கண் 10 மில்லிமீட்டர். வேகம்தான் நுட்பம். நிமிடத்துக்கு 42 சுற்றில் ரோமம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், உதறாது. 25 முதல் 28 சுற்றில் மேலே ஏறி விழும், தூசி கொட்டும். உருளையை மூடி உறிஞ்சுவிசிறி வைக்காமல் ஓட்டக் கூடாது. அந்தத் தூசியில் மணல் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.

அல்பாக்காவில் கொழுப்பு 2 முதல் 4 சதவீதம்தான். மெரினோ செம்மறியில் 10க்கு மேல். ஆகவே மெரினோவுக்கு எழுதிய கழுவும் முறையை அப்படியே பின்பற்றுவது இழைக்குக் கெடுதல். சோடா வேண்டாம், காரம் இழையைத் தின்னும். நடுநிலைத் திரவ டிடர்ஜென்ட் போதும். 5 கிலோ ரோமத்துக்கு 100 லிட்டர், 60 டிகிரி, கால் மணி நேரம். கம்பிக் கூடையில் வைத்து அமிழ்த்தி எடுப்பதோடு சரி. கலக்கினால் பந்தாகிவிடும். தண்ணீர் ஆறுவதற்கு முன்பே கூடையைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கரைந்த கொழுப்பு திரும்ப ஒட்டும். அலசும் தண்ணீரும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்க வேண்டும்.

வெப்பக் கணக்கு இங்கேதான் கையைக் கடிக்கிறது. 8 டிகிரியில் வரும் ஓடைத் தண்ணீர் 100 லிட்டரை 60க்கு ஏற்ற 6 யூனிட் வேண்டும். 50 டிகிரியில் ஓர் அலசல் என்றால் இன்னும் 5. மரம் இல்லாத நாட்டில் இவ்வளவையும் தாக்கியா என்னும் காய்ந்த சாணத்தில் எரித்தால் வயலுக்கு எரு மிஞ்சாது. வெயிலோ தாராளம். அல்டிபிளானோ என்னும் ஆண்டீஸ் மேட்டுச் சமவெளியில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 6 யூனிட் அளவில் விழுகிறது. பாதித் திறனில் பிடித்தாலும் 4 சதுர மீட்டர் சூரியக் கொதிகலன் 11 யூனிட்டைத் தந்துவிடும். முதல் அலசல் தண்ணீரையே அடுத்த கூடையின் கழுவுதண்ணீராக்கினால் தேவை பாதியாகக் குறையும்.

செம்புக் குழாய் வைத்த தட்டைக் கொதிகலன் முதல் பனி இரவிலேயே வெடிக்கும். மாலையில் தண்ணீர் தானே தொட்டிக்கு வடிந்துவிடும்படி குழாய்களைச் சாய்வாக அமைத்தால் தப்பிக்கலாம். வெற்றிடக் குழாய்கள் பனியைத் தாங்கும், அவற்றை இணைக்கும் வெளிக்குழாய்கள் தாங்காது. அவற்றுக்கு வெப்பக் காப்பு சுற்ற வேண்டும். கழிவுநீரை நேரே போஃபெதாலுக்கு விடாதீர்கள். அந்தச் சதுப்புப் புல்வெளிதான் வறண்ட மாதங்களில் மந்தையின் பசும்புல். ஒரு வண்டல் குழி, அதைத் தாண்டி ஒரு சரளைப் படுகை இருந்தால் போதுமானது.

உலர்த்துவது அங்கே சுலபம் என்று தோன்றும். காற்று வறண்டது, உண்மைதான். ஆனால் விசிறி தள்ளும் காற்றின் கனம் குறைவு. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க இங்கே ஏறத்தாழ 1.7 கன மீட்டர் வேண்டும். கீழ்நாட்டு உலர்த்தியின் வரைபடத்தைக் கொண்டுவருகிறவர் விசிறியை ஓர் அளவு பெரிதாக்கட்டும்.

முரட்டு முடியை நீக்குவது

முதலீட்டுக்கு ஒரே ஓர் இயந்திரம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பொலிவியாவில் அல்பாக்காவின் உறவு விலங்கான லாமாக்கள் ஏராளம். லாமாவின் வெளிப்போர்வையில் விறைத்த முரட்டு முடி, அடியில் அல்பாக்காவுக்கு நிகரான மென்ரோமம். இரண்டும் கலந்தே விற்றால் கயிறும் கோணியும்தான். பிரித்துவிட்டால் அடிரோமம் ஸ்வெட்டருக்குப் போகும். கையால் பிரித்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கையளவுதான் தேறும்.

பிரிக்கும் இயந்திரத்தின் தத்துவம் அந்த நான்காம் அடுக்கு விறைப்பேதான். ரம்பப்பல் கம்பி சுற்றிய உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. மென்ரோமம் வளைந்து பல்லில் சிக்கி உருளையோடு போகும். விறைத்த முடி பல்லில் பிடிபடாமல் தெறித்து, கீழே உள்ள தட்டில் விழும். ஒருமுறை ஓட்டினால் முழுதாகப் பிரியாது, நான்கைந்து தடவை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் நல்ல ரோமமும் கழிவோடு விழும், கொஞ்சம் இழையும் அறுந்து குட்டையாகும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இயக்குபவரின் திறமை. கழிவுத் தட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கறுப்புத் துணியில் கொட்டிப் பாருங்கள். முரட்டு முடியைவிட மென்ரோமம் அதிகமாக விழ ஆரம்பித்தால் அடுத்த ஓட்டம் நஷ்டம்.

கெடுவது எப்படி? இயந்திரத்துக்கு ஊட்டும் ரோமம் தடித்தால் முடிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிப் பிரியாமலே கடந்துபோகும். உள்ளங்கை தெரியும் அளவுக்கு மெல்லிய விரிப்பாக ஊட்ட வேண்டும். வேகம் கூடினால் இழை அறும். பெருவில் மின்சாரம் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் அளவிட்டுச் செய்த இயந்திரத்தை அங்கே நேரடியாகச் சொருகினால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். புல்லியை மாற்றாமல் ஓட்டிவிட்டு, 'உங்கள் ரோமம் தரமில்லை' என்று சொல்வது நியாயமல்ல.

மூன்றாவது எதிரி நிலைமின்சாரம். இதில்தான் பெரும்பாலான சிறு ஆலைகள் திணறுகின்றன. வெளியே மைனஸ் 5 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்றை அறைக்குள் 18 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 16 சதவீதமாக விழுந்துவிடும். அந்தக் காற்றில் அல்பாக்கா இழைகள் ஒன்றையொன்று தள்ளி, உருளையிலும் உடையிலும் ஒட்டி, எங்கும் பறக்கும். வேலைக்கு 65 சதவீதமாவது வேண்டும். 6 மீட்டருக்கு 8 மீட்டர், 3 மீட்டர் உயர அறையில் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஈரத் துணித்திரையும் விசிறியும் இதற்குப் போதும். மீயொலி ஈரப்பதமூட்டி, உப்புத் தண்ணீரானால், இயந்திரம் முழுக்க வெள்ளைப் பொடி படிய வைக்கும். இதோடு, பிரிப்பதற்கு முந்தைய நாள் ரோம எடையில் 2 அல்லது 3 சதவீதம் எண்ணெயைத் தண்ணீரில் குழம்பாக்கித் தெளித்து, மூடி இரவு முழுக்க ஊற விடுவது வழக்கம். தெளித்த உடனே ஓட்டினால் ஈரம் மேலோடு நின்று உருளையில் சுற்றிக்கொள்ளும்.

நூலும் முறுக்கும் சாயமும்

பருத்தி நூற்பாலை தெரிந்தவர்கள் பழைய டிராயிங், ஸ்பின்னிங் இயந்திரங்களை அனுப்பலாமே என்பார்கள். முடியாது. பருத்தி இழை 3 சென்டிமீட்டர். அதற்கு ஏற்ற உருளை இடைவெளியில் 10 சென்டிமீட்டர் அல்பாக்கா இழையின் இரு முனையும் ஒரே நேரத்தில் பிடிபட்டு அறுந்துபோகும். நீள இழைக்கு ஊசிச் சீப்பு வைத்த டிராயிங் வேண்டும்.

அல்பாக்கா இழையின் செதில்கள் செம்மறியினதைவிட மிகத் தாழ்வானவை. அதனால் மென்மை, அதனாலேயே வழுக்கல். பிடிப்புக்கு முறுக்கு கூட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். லிவர்பூல் கிடங்கில் விலைபோகாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளை 1836-இல் வாங்கிய பிராட்ஃபோர்டின் டைட்டஸ் சால்ட், பருத்திப் பாவில் அல்பாக்கா ஊடை கொடுத்துத்தான் கரையேறினார். 1853-இல் திறந்த சால்டெயர் ஆலை அந்தத் துணி கட்டியது.

எவ்வளவு மெல்லிய நூல் முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 22 மைக்ரான் இழை ஒரு கிலோமீட்டர் அரை கிராம் எடை. சீவிய இழையில் நூலின் குறுக்கே குறைந்தது 40 இழை வேண்டும் என்றால், கிலோமீட்டருக்கு 20 கிராமுக்குக் குறைந்த நூல் நிற்காது. 30 மைக்ரானில் அதே வரம்பு 37 கிராம். சீப்பால் சீவாமல், இழையைப் பிரித்து விரிக்கும் கார்டிங்கோடு நிறுத்தும் சிறு ஆலைக்கு இழை எண்ணிக்கை இரண்டு மடங்காவது வேண்டும். மலைமேல் ஆலை வைத்து மெல்லிய நூல் ஏற்றுமதி செய்யலாம் என்ற கனவு இந்தக் கணக்கிலேயே அடிபடும். அந்த வேலையை அரெகிப்பாவின் மிச்செல், இன்கா டாப்ஸ் போன்ற பேராலைகளுக்கு விட்டுவிட்டு, கைப்பின்னலுக்கான தடித்த நூலை எடுப்பது புத்திசாலித்தனம். அதிலும் தூய அல்பாக்கா நூலில் சுருள் குறைவு. பின்னிய ஸ்வெட்டர் தன் எடையிலேயே தொங்கி நீளும். பத்து இருபது சதவீதம் செம்மறிக் கம்பளி சேர்த்தால் அது நிற்கும்.

வீட்டுக்கென்று மின்நூற்பு இயந்திரம் செய்தே தீருவேன் என்பவர்கள், அதை இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கும் வேலைக்கு வடிவமைக்கலாம். அந்த வேலை நடந்துகொண்டே செய்ய அவ்வளவு வசதியானதல்ல. 12 வோல்ட், 60 வாட் மோட்டார், கால் விசை, பாபினுக்கு நூலிழுப்புப் பிரேக். நூலை முறுக்கும் ஃப்ளையர் நிமிடத்துக்கு 600 சுற்று, கை நிமிடத்துக்கு 2 மீட்டர் விட்டால் மீட்டருக்கு 300 முறுக்கு. திசைமாற்று சுவிட்ச் கட்டாயம். ஒற்றை நூலை ஒரு திசையில் நூற்று, எதிர்த்திசையில் சேர்த்து முறுக்குவது வழக்கம். சடங்குக்கும் காப்புக்கும் உரிய 'யோக்கே' நூலை நேர்மாறாக இடப்புறமாக முறுக்குவார்கள். ஒரே திசையில் ஓடும் இயந்திரம் அந்த நூலைத் தராது.

அங்கத்து நெசவில் பாவு நூல்தான் மேலே தெரியும், ஊடை மறைந்திருக்கும். நெருங்கிய பாவு நூல்கள் ஒன்றோடொன்று உராயும். முறுக்கு குறைந்த ஆலை நூலைப் பாவாக ஏற்றினால் இரண்டாம் நாளே பஞ்சுபஞ்சாகி ஒட்டிக்கொள்ளும். ஆலை நூலைக் கொடுத்து, நெசவாளர்கள் அதை வாங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் முதலில் முறுக்கை எண்ணிப் பார்க்கட்டும். ஆண்கள் பின்னுவதற்குப் பேர்போன, டிட்டிகாக்கா ஏரியின் தக்கீலே தீவில்கூட பின்னல் நூலுக்கு முறுக்கு அதிகம்தான்.

சாயத்துக்கு வருவோம். ஆலை ஆசிட் சாயங்களுக்கு 95 முதல் 98 டிகிரி வேண்டும். திறந்த பாத்திரம் 86-க்கு மேல் போகாது, எவ்வளவு எரித்தாலும் தண்ணீர்தான் வற்றும். சாயம் முழுதும் ஏறாமல் முதல் துவைப்பில் கழன்று வரும். தீர்வு பெரிய அழுத்தக்கலன் அல்ல. வெளிக்காற்றைவிட 0.35 பார் கூடுதல் அழுத்தம் இருந்தாலே 98 டிகிரி கிடைக்கும். கனமான மூடி, ரப்பர் வளையம், எடைவைத்த வால்வு, பாதுகாப்பு வால்வு ஒன்று. கொச்சினீல் பூச்சிச் சிவப்புக்கு இந்தச் சிரமமும் இல்லை. படிகாரம் ஏற்றிய ரோமத்தில் 86 டிகிரியிலேயே நன்றாகப் பிடிக்கும், நேரத்தை மட்டும் நீட்ட வேண்டும்.

மோட்டார்கள் பொதுவாக 1,000 மீட்டர் வரைக்கும் 40 டிகிரி சூழலுக்கும் அளவிடப்பட்டவை. மெல்லிய காற்று குறைவாகக் குளிர்விக்கும், ஆனால் அறை 15 டிகிரியில் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் ஈடாகிவிடும். ஒற்றைக் கட்ட இணைப்பில் மூன்று கட்ட மோட்டாரை ஓட்ட வைக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் படுத்தும். 1,000 மீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு சதவீதம் கழித்து, பெரிய அளவாக வாங்க வேண்டும். சூரிய மின்பலகைக்கு அந்தக் குளிர் நல்லது, பேட்டரிக்கு ஆகாது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். விடியற்காலை வெயில் விழுவதும் பேட்டரி உறைந்திருப்பதும் ஒரே நேரத்தில்தான். பெட்டியை வீட்டுக்குள், சமையலறைச் சுவரை ஒட்டி வைப்பது உத்தமம்.

கினோவாவின் தோல்

வயல் பக்கம் வந்தால், கினோவா என்னும் ஆண்டீஸ் தானியத்தின் கசப்பு நீக்குவதில் இதே காற்றுக் கணக்கு திரும்ப வருகிறது. தானியத்தின் மேல்தோலில் சபோனின் என்னும் கசப்புப் பொருள். வறுத்து, கல்தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, புடைத்து, கழுவுவது பழைய முறை. இயந்திரத்தில் சொரசொரப்பான உருளையில் தேய்த்து, பிறகு கழுவுகிறார்கள். தேய்ப்பு மட்டுமே போதும், தண்ணீர் மிச்சம் என்று உருளையை இறுக்குவதுதான் வழக்கமான தவறு. கினோவாவின் முளை உள்ளே இல்லை, தானியத்தின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடுகிறது, புரதமும் அங்கேதான். இறுக்கித் தேய்த்தால் அந்த வளையம் உடைந்து தவிட்டோடு போகும். மெதுவாகத் தேய்த்து மிச்சத்தைக் கழுவ வேண்டும். கழுவுவதையும் நீட்டக் கூடாது, ஊறினால் முளை வால் நீட்டிவிடும். பிறகு 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்துவது.

கசப்பு போயிற்றா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. அரை கிராம் தானியத்தைச் சோதனைக்குழாயில் 5 மில்லி தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் விட்டு நுரையின் உயரத்தை அளக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் சரி.

தூற்றும் விசிறி, கல் நீக்கும் அதிர்மேசை இரண்டையும் கீழ்நாட்டு அமைப்பிலேயே ஓட்டினால் உமி தானியத்தோடு விழும். தானியத்தைத் தூக்கக் காற்றின் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏற வேண்டும். பொலிவியாவின் உப்புப் பாலைவன ஓரம், 3,650 மீட்டரில், அது கால் பங்கு கூடுதல் வேகம்.

அதே பகுதியில் டிராக்டர் கலப்பை செய்த கெடுதலையும் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் கையால் குழி தோண்டி விதைத்த பயிரைச் சமவெளிக்கு இறக்கி, வட்டத்தட்டுக் கலப்பையால் மணற்பாங்கான நிலத்தைப் புரட்டினார்கள். புதர்கள் போயின, காற்று மண்ணை வாரியது, லாமாக்களுக்கு மேய்ச்சலும் குறைந்தது. எருவும் அதோடு குறைந்தது. மண்ணைப் புரட்டாமல் குழியில் மட்டும் விதையிடும் கருவிதான் அந்த நிலத்துக்குப் பொருந்தும்.

வாரு வாரு

டிட்டிகாக்கா ஏரிக்கரையில், 3,800 மீட்டரில், நீர்க்கால்களுக்கு நடுவே உயர்த்திய மேட்டுப் பாத்திகளை வாரு வாரு என்கிறார்கள். பொலிவியக் கரையில் சுக்கா கொல்லு. மேடு 4 முதல் 10 மீட்டர் அகலம், கால்வாய் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். 1980-களில் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன், வாத்தா ஊர்மக்களோடு சேர்ந்து இவற்றை மீட்டுக் கட்டி உருளைக்கிழங்கு பயிரிட்டபோது ஹெக்டேருக்கு 8 முதல் 14 டன் கிடைத்தது. சுற்றுவட்டார சராசரியைவிட அது பல மடங்கு.

பனியைத் தடுப்பது தண்ணீரின் வெப்பம். ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழக் கால்வாயில் மீட்டருக்கு 500 லிட்டர். இரவில் 5 டிகிரி ஆறினால் ஏறத்தாழ 2.9 யூனிட் வெப்பத்தை வெளிவிடும். கால்வாய் வற்றினால் மேடு வெறும் மேடுதான். தண்ணீர் ஏறி வேரைத் தொட்டாலோ கிழங்கு அழுகும். ஆகவே ஒவ்வொரு கால்வாய் முகத்திலும் பலகை அடுக்கும் சிறு மதகு வேண்டும்.

திட்டக் காலத்தில் கட்டிய பல பாத்திகள் பின்னால் கைவிடப்பட்டன. கூலிக்கும் விதைக்கும் வந்த உதவி நின்றது ஒரு காரணம், இளைஞர்கள் நகரத்துக்குப் போனது இன்னொன்று. மண்வெட்டி வேலை அவ்வளவு கனம். அதனால் பொக்லைன் விடலாம் என்ற யோசனை இயல்பாகவே வருகிறது. விடலாம், வரிசை மாறாமல். மேல்மண்ணை முதலில் தனியாக வழித்துக் குவித்து, அடிக்களிமண்ணால் மேட்டின் வயிற்றை நிரப்பி, கடைசியில் மேல்மண்ணைப் போர்த்த வேண்டும். ஒரே வாரலில் தோண்டிக் கவிழ்த்தால் உப்புக் களிமண் மேலே வந்து, முதல் சில ஆண்டுகள் எதுவும் விளையாது. வேலை மே மாதம் முதல் மழைக்கு முன்பு வரை. கால்வாய் அடி மட்டமாக இருக்க வேண்டும், சரிவு இருந்தால் ஒரு முனை வற்றி அங்கே பனி பிடிக்கும். நீர்க்குழாய் மட்டம் போதும், லேசர் தேவையில்லை.

ஆண்டுதோறும் கால்வாய்ச் சேற்றை வாரி மேட்டில் போடுவதுதான் எருவிடல். இதற்குச் சேற்றுப் பம்ப் வைத்தால் தொதோரா நாணல் வேர் சுற்றி, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் நிற்கும். திறந்த வகை இம்பெல்லரும், முன்னால் அகன்ற கம்பிக்கூடையும் வேண்டும். பம்பைக் கரைமேல் தூரத்தில் வைத்து நீளக் குழாயில் உறிஞ்சப் பார்க்காதீர்கள். கடல்மட்டத்தில் 10 மீட்டர் என்ற உறிஞ்சு வரம்பு அங்கே ஏட்டளவிலேயே 6.4 மீட்டர், சேற்றோடு நடைமுறையில் அதில் பாதி. மிதவையில் கட்டித் தண்ணீர் மட்டத்திலேயே வைத்து, தள்ளும் பக்கம் குழாயை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டுங்கள்.